‘எங்கட ஊர்’, ‘நம்மட ஊர்’: திருகோணமலையில் ஒரு பொதுக் கூட்டம் நடத்துவது பற்றி

கேட்டவர் உப்புவெளிப் பக்கம் இருக்கும் ஓர் இளம் ஆசிரியை. மாதம் ஒருமுறை, கட்டணம் எதுவும் இல்லாமல், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று யாரும் வந்து ஊர் விஷயம் கதைக்கக்கூடிய ஒரு கூட்டத்தைத் திருகோணமலை நகரில் தொடங்க நினைக்கிறார். என்ன தலைப்பு எடுக்கலாம், யாரைப் பேச்சாளராக அழைக்கலாம், சண்டை வந்தால் என்ன செய்வது, மைக் செட்டுக்கு என்ன வழி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “இதெல்லாம் வேலையில்லாதவர்கள் செய்கிற வேலை என்று அப்பா சொல்கிறார்.” என் கணக்கில் உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். இப்படிக் கூடிக் கதைப்பதால் ஏதாவது நடக்குமா, அல்லது ஏற்கெனவே நல்லவர்களாக இருக்கிற முப்பது பேர் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிட்டு வீட்டுக்குப் போவதோடு சரியா? அப்பாவின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று சொல்லப் பார்க்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005-ல், நிவாரணக் கூட்டங்களுக்குத் தமிழ்–சிங்கள உரைபெயர்ப்புச் செய்ய ஆள் தேடினார்கள். எனக்கு இரண்டும் வரும், போனேன். அன்றிலிருந்து இதுதான் தொழில். வீட்டுத்திட்டம், காணி, கரைவலை, வாய்க்கால் தண்ணீர் என்று மூதூர் முதல் குச்சவெளி வரை கூட்டம் கூட்டமாக நின்று மற்றவர்கள் பேசியதைத் திருப்பிப் பேசியிருக்கிறேன். சில வருடம், சின்னத் தகராறுகளைச் சமரசமாகத் தீர்க்கும் மத்தியஸ்த சபையிலும் இருந்தேன். ஆய்வாளன் இல்லை. ஆனால் ஆய்வுகளைத் தேடி வாசிக்கிற பழக்கம் உண்டு, ஏனென்றால் நான் செய்கிற வேலைக்குப் பலன் இருக்கிறதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது.

முதலில் ஒரு கதை. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம். ஒரு வாய்க்காலைத் திருத்துவது பற்றிய கூட்டம். யாரும் சொல்லாமலே தமிழ்க் கமக்காரர் ஒரு பக்கம், சிங்களக் கமக்காரர் மறுபக்கம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வயதான சிங்களவர் ஒருவர் எழும்பி, “அபே கம” என்று தொடங்கி, ஊர் எப்படியிருந்தது, எப்படி ஆகிவிட்டது என்று உருக்கமாகப் பேசினார். நான் “எங்கட ஊர்” என்று தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையில் ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “எங்கட ஊர் எண்டால், அப்ப நாங்கள் ஆர்?” மண்டபம் முழுக்கச் சத்தம். பேசிய ஐயாவுக்கோ தான் என்ன பிழையாகச் சொன்னோம் என்றே விளங்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்களத்தில் ‘அபி’ (அதன் ‘அபே’ வடிவம்தான் ஐயா சொன்னது) என்பது ஒரே சொல். கேட்டுக்கொண்டிருப்பவரைச் சேர்த்தாலும் அபி, விட்டாலும் அபி. தமிழில் அப்படி இல்லை. ‘நாங்கள்’ என்றால் நீ வெளியே, ‘நாம்’ என்றால் நீயும் உள்ளே. ஐயா எதைச் சொன்னார் என்று கேட்காமல் நானே ஒன்றைத் தெரிவுசெய்து சொல்லியிருக்கிறேன். அவரிடம் திரும்பி, “அபே என்றது உங்கள் ஆட்களையா, இங்கே இருக்கிற எல்லாரையுமா?” என்று சிங்களத்தில் கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்து, “எல்லாரையும்தானே” என்றார். பிழை என்னுடையது என்று இரண்டு மொழியிலும் சொல்லி, “நம்மட ஊர்” என்று திருத்தினேன். பின்வரிசைக்காரர் “அப்படியெண்டால் சரி” என்று உட்கார்ந்தார். வாய்க்கால் விஷயம் அன்று முடியவில்லை, அது வேறு. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அந்த இருவரும் வந்திருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன் என்றால், அந்த மண்டபத்தில் யாரும் மரியாதைக்குறைவாகப் பேசவில்லை. மரியாதைக்குறைவு ஏற்பாட்டில் இருந்தது, அதாவது என்னில் இருந்தது. ‘மரியாதையாகக் கதைப்போம்’ என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் ஒன்றும் ஆகாது. எந்த மொழி முதலில், கதிரை எப்படி, எத்தனை மணிக்கு, கதவடியில் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் அது இருக்கிறது. பெரும்பாலான கூட்டங்களில் எல்லாம் தமிழில் நடக்கும், மூலையில் நாலு சிங்களவருக்கு ஒருவர் காதில் குசுகுசுத்துக்கொண்டிருப்பார். அந்த நாலு பேரும் விருந்தாளிகள். விருந்தாளி சிரிப்பார், தேத்தண்ணி குடிப்பார், மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார். கொழும்பில் தமிழர் நாம் அனுபவிக்கிறது இதே தலைகீழாக, அதனால் நமக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஒருவர் பேசியபின் முழுவதையும் மற்ற மொழியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் தமிழ் முதலில், அடுத்த மாதம் சிங்களம் முதலில். நேரம் இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேர விஷயம்தான் போகும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். இடையில் காத்திருக்கிற அந்த நேரம் வீண் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கோபத்தில் எழும்பியவருக்கு மொழிபெயர்ப்பு முடியும்வரை மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது.

தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி என்பதால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மொழி ஒன்றாக இருந்தால் குத்தல் இன்னும் துல்லியமாகப் போய்ச் சேரும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 30க்குச் சற்று மேல், சிங்களவர் 27 அளவில். உங்கள் மண்டபத்தில் 30 பேர் என்றால் அதில் 12 பேர் முஸ்லிம்கள், 9 பேர் தமிழர், 8 பேர் சிங்களவர், மிச்சம் ஒரு கதிரை யாருக்கும். நகரில் தமிழர் தொகை கூட என்பதால் விட்டபடி விட்டால் உங்கள் கூட்டம் தமிழ்க் கூட்டமாகத்தான் வரும். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. வெருகலில் இருந்தோ பதவிசிறிபுரவில் இருந்தோ ஒருவர் உங்கள் இலவசக் கூட்டத்துக்கு வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் செலவழிக்க வேண்டும். ‘இலவசம்’ என்பது கதவடியில் மட்டும்தான். ஆகவே எல்லா மாதமும் நகரில் வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிண்ணியா, கந்தளாய் என்று நகர்த்தினால் நல்லது.

நேரம் பற்றி: வெள்ளிக்கிழமை நண்பகல் ஆகாது. மாலையில் வைத்தால் மஃரிப் தொழுகை இங்கே பருவத்தைப் பொறுத்து ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் விழும், அதற்கு முன் முடியுங்கள் அல்லது இருபது நிமிடம் இடைவேளை விடுங்கள். போயா நாள், கோயில் திருவிழா நாள் எல்லாம் நாட்காட்டியில் பார்த்துவிட்டுத் திகதி போடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் முடிக்காவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பாதியில் எழும்புவார்கள். தேத்தண்ணிக்கு பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும். இறைச்சி ரோல் கொடுத்தால் யார் சாப்பிடுவது, யார் சாப்பிடாதது என்று மூன்று வரிசை தானாகப் பிரியும்.

கதவடியில் கையொப்பத் தாள் வைக்காதீர்கள். வெளியூர்க்காரருக்கு இது சின்ன விஷயம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி என்று கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் இங்கே ஒரு தலைமுறைக்கே ‘இது எங்கே போகும்?’ என்ற கேள்விதான் வரும். ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா தன் பெயரை எழுதாமல் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியும் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார், அவர் என்ன பெயர் எழுதினாரோ. நிதி கொடுக்கும் நிறுவனம் தாள் கேட்கும் என்பீர்கள். அதனால்தான் நிதி வேண்டாம் என்கிறேன். சுனாமிக்குப் பிறகு கூட்டத்துக்கு வந்தால் போக்குவரத்துக் காசு, சாப்பாட்டுப் பொதி என்று பழக்கிவிட்டார்கள். பொதி நின்றதும் கூட்டமும் நின்றது. முப்பது பேருக்குத் தேத்தண்ணி வைக்க யாருடைய பெயர்ப்பலகையும் தேவையில்லை.

சரி, தலைப்பு. ‘இன நல்லிணக்கம்’ என்று போடாதீர்கள். அந்தத் தலைப்புக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நல்லிணக்கமானவர்கள், மற்றவர்கள் பெயரைப் பார்த்ததுமே ஒதுங்குவார்கள். முதல் கூட்டத்துக்கு மான்களை எடுங்கள். பகிடி இல்லை. கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் திரிகிற புள்ளிமான்கள் எந்தச் சமூகத்துக்கும் சொந்தமில்லை, குப்பையில் பொலித்தீன் தின்பது எல்லாருக்கும் தெரியும், கடைக்காரர், ஓட்டோக்காரர், ஹோட்டல்காரர், கோயிலுக்குப் போகிறவர் என்று எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். வேலி போட வேண்டும் என்பவரும் விடச்சொல்பவரும் மோதுவார்கள், அந்தப் பிளவு இனப்படி விழாது. உங்களுக்கு வேண்டியது அதுதான். ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் ஒரே பக்கம் நின்று இன்னொரு தமிழரோடு வாதாடுவதைச் சனம் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்புறம் கட்டாக்காலி மாடு, நகரக் குப்பை, சுற்றுலாப் பருவத்தில் கூடும் வாடகை என்று போகலாம். ஆறேழு மாதம் கழித்துத்தான் கடினமானதைத் தொடுங்கள்.

இது என் கண்டுபிடிப்பில்லை. நம் மாவட்டத்தில் மிக நல்ல பொதுக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது, அதை யாரும் நல்லிணக்கம் என்று சொல்வதில்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தைச் சொல்கிறேன். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்க, கமக்காரர் அமைப்புகள் உட்கார்ந்து தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, வயலில் இருந்து மாடுகளை அகற்றும் திகதி எல்லாம் முடிவெடுப்பார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமம் வயல்வரை போகிறது. மேலே ஒரு சமூகம், கீழே வேறு சமூகங்கள். அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று ஒரு பக்கம் சொல்லும், இரண்டாம் அக்போ கட்டினான் என்று மறுபக்கம் சொல்லும். ஆரம்பக் கூட்டத்தில் அந்த வாதம் எழும்பி நான் கேட்டதேயில்லை. அன்று எல்லாருக்கும் வேண்டியது குளத்தில் இப்போது எத்தனை அடி என்ற ஒரு எண். கத்துவார்கள், மேசையில் அடிப்பார்கள், ஆனாலும் திகதி இல்லாமல் கலைய முடியாது. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் வெவ்வேறு குழுக்கள் சந்திப்பதால் வெறுப்புக் குறைய நான்கு நிபந்தனை சொன்னார்: சமமான நிலை, பொதுவான நோக்கம், கூடிச் செய்யும் வேலை, அதிகாரத்தில் இருப்பவரின் ஆதரவு. நான்கும் அந்த வெக்கையான மண்டபத்தில் இருக்கின்றன. ‘பேச்சு’ என்று மட்டும் கூட்டினால் பொதுவான நோக்கமும் கூட்டு வேலையும் விடுபட்டுப்போகும். உங்கள் கூட்டத்தின் முடிவில் யாரோ மூன்று பேர் ஏதோ ஒன்றைச் செய்வதாக எழும்ப வேண்டும், ஒரு கடிதம் எழுதுவதானாலும் சரி.

இனி, பலன் உண்டா என்ற கேள்வி. ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது: சந்திப்பு வெறுப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று நிறைய. பெட்டிகுரூவும் ட்ராப்பும் 2006-ல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவை அந்தத் திசையையே காட்டின. நம் நாட்டிலேயே தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும் செய்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நான்கு நாள் பட்டறையில் மற்ற இனத்தவரோடு இருந்த இளைஞர்களிடம் ஒரு வருடம் கழித்தும் அந்த இனத்தவர் மீது பரிவு கூடியிருந்தது. இதை அப்பாவிடம் காட்டலாம்.

சந்தேகமானது: 2019-ல் பலக்கும் கிரீன் என்ற பெயருள்ள இருவரும், ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நாள் கழித்து அளந்த கண்டிப்பான ஆய்வுகளை மட்டும் பொறுக்கினார்கள். தேறியவை 27. அதிலும் இனப் பாரபட்சத்தில் பலன் மெலிவு, வளர்ந்தவர்களின் இனப் பாரபட்சத்தைச் சோதித்தது கிடைக்கவேயில்லை. உங்கள் மண்டபத்துக்கு வரப்போவதோ முழுக்க வளர்ந்தவர்கள். சல்மா மூசா ஈராக்கில் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் நான் கண்ணால் கண்டதையே அது சொல்கிறது. யுத்தத்தால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் காற்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார்கள். கூட விளையாடியவர்களோடு உறவு நன்றாக வந்தது, மாதங்கள் கழித்தும் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஆனால் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் பெரிய மாற்றம் இல்லை. மூதூரில் ஒருவர் எனக்குச் சொன்னது இதுதான்: “அவர் நல்லவர், அவர் ஆக்கள்தான் சரியில்லை.” மண்டபத்துக்குள் உண்டானது மண்டபத்தைத் தாண்டுமா என்பதில்தான் அப்பா சொல்வது சரியாக இருக்கலாம். அதனால் மாதாமாதம் புதிய ஆட்களைத் தேடாமல், அதே ஆட்கள் திரும்ப வருகிறார்களா என்று பாருங்கள். முதல் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் இரண்டாவதுக்கு வந்தால் அதுதான் உங்கள் கணக்கு.

எல்லையையும் சொல்ல வேண்டும். காணி, தொல்பொருள் இடங்கள், இரு பக்கமும் உரிமை கோரும் கன்னியா வெந்நீரூற்று, புதிதாக முளைக்கும் சிலைகள் போன்றவற்றை உங்கள் கூட்டத்தால் தீர்க்க முடியாது. முடிவெடுப்பவர் அந்த மண்டபத்தில் இல்லை. காணி இழந்தவரை இழக்காதவர்கள் முன் நிறுத்தி ‘மரியாதையாகச் சொல்லுங்கள்’ என்று கேட்பதை நான் மரியாதை என்று எடுப்பதில்லை. அப்படிப்பட்ட விஷயம் வந்தால் வாதாட்டத்தை நிறுத்தி, என்ன ஆவணம் தேவை என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அலுவலகம் சொல்லியாக வேண்டும். மூன்று சமூகத்திலும் ஒருவர் ஒருவராகச் சேர்ந்து ஒரு விண்ணப்பம் போட்டால் அது பத்துப் பேச்சுக்குச் சமம். அயலவர் தகராறு, கடன், எல்லை வேலி என்று தனிப்பட்டது வந்தால் மத்தியஸ்த சபைக்கு அனுப்புங்கள். 1988-ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இருக்கிறது, சட்டத்தரணி வரத் தேவையில்லை, வரவும் முடியாது.

சண்டை வந்தால்? வரும். வாக்குவாதத்தை அடக்காதீர்கள், இரண்டு பழக்கம் மட்டும் வையுங்கள். ஒன்று, ‘உங்கட ஆக்கள்’ என்று யாராவது தொடங்கினால் ‘எந்த ஆள், எப்போது?’ என்று நடத்துபவர் அமைதியாகக் கேட்க வேண்டும். பாதிப் பேச்சு அங்கேயே வற்றிவிடும், மிச்சப் பாதி உண்மையான சம்பவமாக வரும். மற்றது, தொலைபேசியில் பதிவு கிடையாது. பேசியதை வெளியே சொல்லலாம், யார் பேசினார் என்று சொல்லக்கூடாது. இருபது விநாடித் துண்டு ஒன்று பேஸ்புக்கில் ஏறினால் ஒரு வருட வேலை போய்விடும். உண்மையாகவே கை ஓங்கினால் தேத்தண்ணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சூடான கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அடிபடுவது கஷ்டம்.

பேச்சாளர் என்று பெரியவர்களைக் கூப்பிடாதீர்கள், அரசியல்வாதியும் மதகுருவும் வந்தால் மற்றவர்கள் கைதட்டத்தான் வருவார்கள். அந்த விஷயத்தோடு தினம் மல்லுக்கட்டும் ஒருவர் பத்து நிமிடம் சொன்னால் போதும், மான் கூட்டத்துக்கு நகரக் குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மண்டபத்துக்குள் அமைதியாகக் கூடுவதற்குப் பொலிஸ் அனுமதி தேவையில்லை, அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. ஆனாலும் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டி ஒரு சொல் சொல்லிவையுங்கள், யாராவது கேட்டால் பதில் சொல்ல அவருக்கும் வசதி. ஒலிபெருக்கிக்குத்தான் அனுமதி எடுக்க வேண்டும். அது இருக்கட்டும், முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்தால் மைக் எதற்கு? மைக் கையில் வந்தவர் அதை இலேசில் கொடுக்கமாட்டார், ஐந்து நிமிடம் கழித்துப் பறிக்க வேண்டி வரும். அந்த வாடகைக் காசில் கதிரை எடுங்கள். வட்டத்தில் இரண்டு கதிரை எப்போதும் வெறுமையாக இருக்கட்டும், பிந்தி வருகிறவர் பின்னால் நிற்காமல் நேரே வந்து உட்காரலாம்.